மன்றத்தின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

எங்கள் மன்றத்துக்குச் சொத்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நான்கு கேரம் போர்டு, அதில் ஒன்று மழையில் நனைந்து உப்பியது. மூன்று மர பெஞ்சு. ஓர் அலமாரி நிறையப் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ கைடுகள். சுவரில் அம்பேத்கர் படம். காலையில் இரண்டு பத்திரிகை வரும். பத்து மணிக்குள் அவை நாலு துண்டாகி நாலு பேர் கையில் இருக்கும். வடசென்னையில் எழுபதுகளில் கட்டிய ஹவுசிங் போர்டு பிளாக் ஒன்றின் தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் தொடங்கி மெல்ல மெல்ல வெளியே நீண்டுபோன ஓர் அறை. அதைக் கட்டியது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பேர் சொல்வார்கள். கணக்கு எழுதும் வேலை மட்டும் பதினைந்து வருடமாக என் தலையில்.

பழைய பிளாக்குகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்று தெரிந்தபோது எல்லோருக்கும் சந்தோஷம்தான். கூரைக் காரை பெயர்ந்து விழும் வீட்டில் இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல செய்தி என்ன? 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பின் பழைய குடியிருப்புகள் நகரம் முழுக்க இப்படி ஒவ்வொன்றாக இடிபட்டு எழும்பிக்கொண்டிருக்கின்றன. ஒதுக்கீடு உள்ள குடும்பத்துக்குப் புது வீடு உண்டு. கட்டி முடிக்கும்வரை வெளியே தங்க 24,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஆனால் மன்றம் வீடும் இல்லை, கடையும் இல்லை. அதன் பேரில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. இத்தனை வருடத்தில் ஒரு பதிவு, ஒரு ரசீது, ஒரு கடிதம் என்று எதையும் நாங்கள் செய்து வைக்கவில்லை. பொங்கலுக்கு வசூல் செய்த நோட்டுப் புத்தகம்தான் எங்களிடம் இருந்த ஒரே ஆவணம்.

மன்றத்து வாசலில் கூட்டம் போட்டோம். முப்பது பேர் வந்தார்கள், நாற்பது யோசனை வந்தது. வாடகைக்குப் போகலாம், கவுன்சிலரைப் பார்க்கலாம், கம்பெனிக்காரர்களிடம் கேட்கலாம், தொண்டு நிறுவனத்திடம் கொடுத்துவிடலாம், மறியல் பண்ணலாம். பேச்சு முழுக்கப் பணத்தைச் சுற்றியே போய்க்கொண்டிருந்தது. ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த இட்லிக்கடை அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அதெல்லாம் சரிப்பா, சாவி யார்கிட்ட இருக்கும்?”

அந்தக் கேள்வியை வைத்துத்தான் பிறகு ஒவ்வொரு வழியையும் எடை போட்டோம். வேறு இடத்தில் இதே மாதிரி மன்றமோ படிப்பகமோ மூடும் நிலையில் இருந்தால் இந்த ஒப்பீடு பயன்படலாம் என்றுதான் எழுதுகிறேன்.

அதற்கு முன், காப்பாற்றுகிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். “கேரம் ஆடித்தானே பசங்க கெட்டுப் போறாங்க” என்று எங்கள் பிளாக்கிலேயே பேசுகிறவர்கள் உண்டு. கேரமுக்கு அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர். 2008-ல் பிரான்சில் உலக சாம்பியன் ஆன இளவழகி வியாசர்பாடிப் பெண். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமாவும் வடசென்னைதான். அப்பா ஆட்டோ ஓட்டிக்கொண்டே கேரம் சொல்லிக் கொடுக்கிறவர். அரசு காசிமாவுக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. இவர்கள் ஏசி ஹாலில் பழகியவர்கள் இல்லை. ஆனால் வாரியத்துக்குக் கொடுக்கும் மனுவில் இதை முதல் வரியாக எழுத வேண்டாம் என்றேன் நான். எங்கள் மன்றத்திலிருந்து ஒரு சாம்பியனும் வரவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பத்துக்குப் பத்து வீட்டில் டிவியும் சண்டையும் ஓடும்போது, டியூப் லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் இருந்தது. அது போதாதா?

சரி, வழிகளுக்கு வருவோம்.

வாடகைக்குப் போவது

எல்லோர் வாயிலும் முதலில் வந்தது இதுதான். உடனே செய்யலாம், யாரிடமும் கை கட்டி நிற்க வேண்டாம். பக்கத்துத் தெருவில் ஒரு கடை பார்த்தோம். மாதம் ஏழாயிரம், பத்து மாத அட்வான்ஸ். 2019-ல் நடைமுறைக்கு வந்த புது வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. அந்த ‘தவிர’தான் ஊரையே ஆள்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பதிவு என்றதுமே பாதி வீட்டுக்காரர்கள் முகம் மாறிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இருநூறு வீடு, வீட்டுக்கு மாதம் 20 ரூபாய் என்றால் 4,000. அதுவும் எல்லோரும் கொடுத்தால். மீதிக்கு யாராவது ஒருவர் கை கொடுக்க வேண்டும். அப்படி மாதாமாதம் கை கொடுக்கிறவர் ஆறு மாதத்தில் தலைவர் ஆகிவிடுவார், ஒரு வருடத்தில் சாவி அவர் வீட்டு ஆணியில் தொங்கும். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் வீட்டில் கல்யாணம் என்றால் மன்றம் ஸ்டோர் ரூம் ஆகும்.

சத்தம் இன்னொரு தொல்லை. நாலு போர்டில் ஸ்ட்ரைக்கர் அடிக்கும் ‘டொக்’ எங்கள் காதுக்கு ஒன்றும் தெரியாது. மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரருக்கு அது மண்டைக்குள் ஆணி. இந்தக் காரணத்துக்காக மட்டும் இரண்டு இடம் கைநழுவியது.

பக்கத்துச் சர்ச் ஹாலையும் அம்மன் கோவில் மண்டபத்தையும் கேட்டோம். இருவருமே முகம் கோணாமல் தருகிறோம் என்றார்கள். வாடகையும் வேண்டாம் என்றார்கள். ஆனால் மாதத்தில் பாதி நாள் அவர்களுக்கே விசேஷம். அதோடு, ஒரு பிள்ளை தயங்கி வாசலில் நின்றாலும் அது மன்றம் இல்லை என்பது என் கட்சி. தேர்வு நேரத்தில் பத்து நாள் படிப்பதற்கு மட்டும் இரண்டையும் வைத்துக்கொள்வதென்று முடிவு.

பெரிய கைகளில் கொடுத்துவிடுவது

மாநகராட்சி, காவல்துறை, நூலகத் துறை, தொண்டு நிறுவனம், எம்.எல்.ஏ. நிதி எல்லாமே இதில் அடக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு.

சென்னையில் காவல்துறை நடத்தும் சிறார் மன்றங்கள் பல பகுதிகளில் இருக்கின்றன. மாலை டியூஷன், விளையாட்டுச் சாமான் என்று நல்ல காரியங்கள் நடக்கின்றன. ஆனால் எங்கள் பிள்ளைகளில் சிலருக்கு ஸ்டேஷன் என்றாலே அடிவயிறு கலங்கும். பதினாறு வயதுப் பையன் ஒருவன் கூட்டத்தில் எழுந்து, “அங்க போனா நம்ம பேரு நோட்டுல ஏறுமாண்ணா?” என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. அந்த வழி அத்தோடு முடிந்தது. வேறு ஏரியாவில் இது நல்ல வழியாகவே இருக்கலாம்.

நூலகத் துறை என்றால் எனக்கு ஒரு பாசம் உண்டு. சுதந்திர இந்தியாவில் பொது நூலகங்களுக்கென்று முதலில் சட்டம் போட்டது 1948-ல் சென்னை மாகாணம்தான். இன்றும் நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் போகிறது. ஊர்க்காரர்கள் வாடகையில்லாமல் இடம் கொடுத்து, ஆயிரம் ரூபாய் கட்டும் புரவலர்களையும் சேர்த்துக் கொடுத்துப் பகுதி நேர நூலகம் வரவழைத்த ஊர்கள் தமிழ்நாட்டில் நிறைய. ஆனால் இடம் நாம்தான் கொடுக்க வேண்டும், எங்களிடம் இல்லாததே அதுதான். அப்படியே கிடைத்தாலும் நூலகத்தில் கேரம் ஆட முடியாது. எங்கள் மன்றத்தில் கேரம் ஆட வந்தவன்தான் போர்டு காலியாகும்வரை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் புரட்டுவான். அப்படியே ஒருநாள் வேலைவாய்ப்பு விளம்பரத்தைப் பார்ப்பான். இரண்டையும் பிரித்தால் இரண்டும் போய்விடும்.

மாநகராட்சியிடம் கொடுத்துவிடலாம் என்பவர்கள் கொளத்தூரைக் காட்டினார்கள். 2024 நவம்பரில் அங்கே முதல்வர் படைப்பகம் திறந்தார்கள். வேலை பார்க்கவும் போட்டித் தேர்வுக்குப் படிக்கவும் குளுகுளு இடம். பார்த்துவிட்டு வந்த எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே பிரமிப்பு. அதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அது தேர்வுக்குப் படிப்பவனுக்கான இடம். படிப்பை விட்டுவிட்டு மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கப் போகிறவன் அங்கே ஏன் போகப் போகிறான்?

மாநகராட்சி பற்றி இன்னொரு சம்பவத்தையும் மறக்கக் கூடாது. 2024 அக்டோபர் கடைசியில், செயற்கைப் புல் போட்ட ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடுவதற்கு மாநகராட்சி மாமன்றக் கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் கட்டணம் என்று பேச்சு. வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கம் பந்து உதைத்து வளர்ந்த பிள்ளைகளிடம் மணிக்கு 120 ரூபாய்! எல்லாப் பக்கமும் எதிர்ப்புக் கிளம்பியதும் மேயர் அதைத் திரும்பப் பெற்றார், இலவசம் தொடர்ந்தது. இந்தக் கதையை இரண்டு விதமாகவும் சொல்லலாம். ஒரே தீர்மானத்தில் திடல் கைமாறிவிடும் என்பது ஒன்று. ஊர் கத்தினால் தீர்மானமும் திரும்பும் என்பது இன்னொன்று. எங்கள் கூட்டத்தில் இரண்டு தரப்பும் இதே சம்பவத்தைத்தான் சாட்சிக்கு இழுத்தார்கள்.

எம்.எல்.ஏ. நிதி: தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்கு வருடம் 3 கோடி. எம்.பி.க்கு 5 கோடி. ஓர் அறை கட்டுவது அதில் தூசு. கேட்டால் கிடைக்கவும் கிடைக்கலாம், தேர்தல் நெருங்கினால் இன்னும் சுலபம். ஆனால் கட்டடம் எந்த மண்ணில் நிற்கும்? இடமே வாரியத்துடையது, அதுவும் இடிபடப் போகிற இடம். தவிர, கல்வெட்டில் யார் பேர், சுவரில் என்ன நிறம், திறப்பு விழாவில் யாருக்கு மாலை என்ற மூன்று கேள்வியிலேயே எங்கள் ஏரியா மூன்றாகப் பிரிந்துவிடும். எங்கள் மன்றத்துக்கு இதுவரை எந்தக் கட்சிக் கொடியும் கிடையாது. எல்லாக் கட்சிக்காரன் பிள்ளையும் உள்ளே வருவதற்கு அதுதான் காரணம்.

நமக்கு நாமே திட்டத்தை ஒருவர் நினைவுபடுத்தினார். 1997-ல் வந்து இடையில் நின்று, 2021-ல் மறுபடி உயிர்பெற்ற திட்டம். செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். பூங்கா, நூலகம், பள்ளிக் கட்டடம் எல்லாம் இதில் செய்கிறார்கள். ஒரு சொத்தில் ஊர்ப் பணம் கலந்தால் ஊருக்கு அதில் வாய் இருக்கும். எனக்கு இந்தத் திட்டம் பிடித்ததற்கு அதுதான் காரணம். இதற்கும் மண் வேண்டும் என்பதால் இப்போதைக்கு ஒதுக்கி வைத்தோம். சொந்த ஊரில் நத்தத்திலோ ஊராட்சி இடத்திலோ நிற்கும் படிப்பகம் ஒழுகினால், மற்ற எதையும் யோசிக்காமல் நேராக இதற்குப் போங்கள் என்பேன்.

மிச்சம் இருப்பது கம்பெனிப் பணம். சி.எஸ்.ஆர். என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் இளவட்டங்கள் கண்ணில் தங்கச் சுரங்கம் தெரிந்தது. 2013-ம் வருடக் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியத்துக்குச் செலவிட வேண்டும். மணலி, எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கிக்குப் பஞ்சமில்லை, அதனால் பணத்துக்கும் பஞ்சமில்லை என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அந்தப் பணத்தை வாங்கிச் செலவழிக்கிற அமைப்புக்கு வருமான வரித் துறையின் வரிவிலக்குப் பதிவுகள் வேண்டும், மூன்று வருடம் வேலை செய்த தடம் வேண்டும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் தனியாக ஒரு படிவம் போட்டு எண் வாங்க வேண்டும். நாற்பது வருடமாக நடக்கும் எங்கள் மன்றத்துக்குக் காகிதத்தில் ஒரு நாள் தடம்கூட இல்லை.

ஆகவே நடுவில் ஒரு தொண்டு நிறுவனம் வேண்டும். ஒரு நிறுவனத்தார் வந்து பார்த்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள். பேரைச் சொல்வது முறையல்ல. கம்ப்யூட்டர், டீச்சர், சிற்றுண்டி எல்லாம் தருகிறோம் என்றார்கள். பெயர்ப் பலகையில் மன்றத்தின் பேர் சின்னதாக இருக்கும் என்றார்கள், அதுவும் பரவாயில்லை. எத்தனை வருடத்துக்கு என்று கேட்டேன். “மூணு வருஷம் சார், அப்புறம் ரிவ்யூ.” இது அவர்கள் தப்பும் இல்லை. தொடர் திட்டம் என்று கம்பெனிகள் எழுதிக்கொள்வதற்கே தொடங்கும் ஆண்டு போக மூன்று வருடம்தான் விதிப்படி வரம்பு. அதற்குப் பிறகு புதிதாகத் திட்டம் போட வேண்டும், அப்போது அவர்கள் கண் வேறு ஊர் மேல் போயிருக்கலாம். ஆறு மணி வரைதான் திறந்திருக்கும் என்றும் சொன்னார்கள். எங்கள் மன்றம் உயிர் பிடிப்பதே ஆறு மணிக்கு மேல்தான்.

புது பிளாக்கில் ஓர் அறை

கடைசியில் நான் கட்சி கட்டியது இதற்குத்தான். புதிதாக எழும்பும் அடுக்கு மாடியில் அங்கன்வாடிக்கும் ரேஷன் கடைக்கும் இடம் கேட்பது போல, பொதுப் பயன்பாட்டுக்கு ஓர் அறை வேண்டும் என்று வரைபடம் முடிவாவதற்குள் கேட்பது. கண்ணகி நகர், பெரும்பாக்கம் மாதிரிப் பெரிய குடியிருப்புகளில் இப்படிப் பொது இடங்கள் உண்டு. அங்கேயும் இளைஞர்களுக்கு எவ்வளவு கிடைத்தது என்பது வேறு கதை. 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியபோது அதில் இருந்த கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண்தான் என்று ஊரே கொண்டாடியது. கொண்டாட்டம் முடிந்ததும் எல்லோரும் கேட்டது, அந்தப் பிள்ளைகள் எங்கே பயிற்சி செய்கிறார்கள் என்பதைத்தான்.

இந்த வழியின் லாபம் வெளிப்படை. வாடகை இல்லை, இடம் அங்கேயே, பிள்ளைகள் மாடியிலிருந்து செருப்பில்லாமல் இறங்கி வரலாம். நஷ்டமும் வெளிப்படை. அறை வாரியத்துடையதாகவே இருக்கும். கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் கையில். நாளைக்கு வேறு தேவை வந்தால் எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். சாவிக் கேள்விக்கு இதில் தானாக ஒரு பதிலும் வராது. மனு கொடுக்கிற அமைப்பு யார் என்பதைப் பொறுத்துத்தான் வரும்.

அதனால் பதிவு என்ற விஷயம் எல்லா வழிகளுக்கும் முன்னால் வந்து நின்றது. சங்கமா, அறக்கட்டளையா? வக்கீல் குமாஸ்தா ஒருவர் அறக்கட்டளைதான் சுலபம் என்றார். ஒரு பத்திரம், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு, முடிந்தது. இரண்டு பேர் போதும். ஆனால் யார் பேரைப் பத்திரத்தில் எழுதுகிறோமோ அவர்கள்தான் அறங்காவலர்கள், அவர்களைச் சுலபத்தில் அசைக்க முடியாது. நல்ல மனிதரின் அறக்கட்டளை அவர் பிள்ளை காலத்தில் குடும்பச் சொத்து மாதிரி ஆனதை நான் பார்த்திருக்கிறேன். சங்கம் என்றால் தொல்லை அதிகம். 1975-ம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், துணைவிதிகள் எழுத வேண்டும், மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும், வருடா வருடம் பொதுக்குழு கூட்டிக் கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகக் குழுவின் காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. இந்தத் தொல்லை எல்லாம்தான் எனக்கு வேண்டியிருந்தது. சாவி யாரிடம் என்ற கேள்வியை மூன்று வருடத்துக்கு ஒரு தடவையாவது மறுபடி கேட்கச் சட்டமே வைக்கிறது, வேறென்ன வேண்டும்?

ஒரு எச்சரிக்கை: பதிந்துவிட்டுக் கணக்குத் தாக்கல் செய்யாமல் விட்ட சங்கங்கள் ஏராளம். பிறகு ஒரு நிதிக்கோ அனுமதிக்கோ போகும்போதுதான் பழைய பாக்கி எல்லாம் அபராதத்தோடு கழுத்தைப் பிடிக்கும். கணக்கு எழுத ஓர் ஆள் இல்லாவிட்டால் சங்கம் ஆரம்பிக்க வேண்டாம்.

பணம் வாங்குவதிலும் அப்போதே ஒழுங்கு வந்தது. முதல் வாரம் ஒரு தம்பியின் ஜிபே எண்ணைக் குழுவில் போட்டு வசூல் தொடங்கியிருந்தார்கள். நான்கு நாளில் அவன் வண்டித் தவணையும் மன்றப் பணமும் ஒரே கணக்கில் கலந்து, அவன் நேர்மையானவன் என்பதாலேயே தூக்கம் கெட்டுத் திரிந்தான். சங்கத்தின் பேரில் வங்கிக் கணக்குத் திறக்கும்வரை வசூலை நிறுத்தினோம். வெளிநாட்டுப் பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துபாயில் வேலை செய்யும் நம்மூர்ப் பையன் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. அதற்கு 2010-ம் வருடச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். பாசத்தில் அனுப்பினார் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

மனு எழுதுவதற்கு முன் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, எங்கள் பகுதித் திட்டத்தின் வரைபடமும் அதில் உள்ள பொது இடங்களின் விவரமும் கேட்டோம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. காகிதம் கையில் இல்லாமல் போய்க் கேட்டால் “பார்க்கலாம்” என்பார்கள். வரைபடத்தில் விரல் வைத்து இந்த இடத்தில் என்று கேட்டால், இல்லை என்று சொல்வதற்காவது ஒரு காரணம் தேட வேண்டும். மறியல் யோசனையை நான் எதிர்த்தது கோழைத்தனத்தால் இல்லை. இடிக்க வரும் நாளில் மறித்தால், வீட்டுக்காகக் காத்திருக்கும் இருநூறு குடும்பமும் எங்களுக்கு எதிரியாகிவிடும்.

கையெழுத்து வாங்கப் போனபோதுதான் மன்றத்தின் பெரிய ஓட்டை தெரிந்தது. பையன்கள் வீட்டில் கேட்டதுமே போட்டுக் கொடுத்தார்கள். பெண் பிள்ளைகள் மட்டும் இருக்கும் வீடுகளில், “எங்க பொண்ணுக்கு அங்க என்ன இருக்கு?” என்றார்கள். பதில் இல்லை. நாற்பது வருடத்தில் ஏரியாவின் பாதிப்பேர் அந்த வாசல்படியைத் தாண்டியதே இல்லை, நாங்கள் அதைக் கவனித்ததும் இல்லை. காசிமாவையும் இளவழகியையும் மேற்கோள் காட்டுகிற மன்றத்தில் ஒரு பெண்ணுக்கு ஸ்ட்ரைக்கர் கிடைத்ததில்லை. துணைவிதியில் ஏழு பேர் நிர்வாகக் குழுவில் மூன்று பெண்கள் என்று எழுதினோம். இட்லிக்கடை அக்கா பொருளாளர். அதற்குப் பிறகு கையெழுத்து முந்நூறைத் தாண்டியது.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. இடித்துக் கட்டி முடிக்க ஒன்றரை, இரண்டு வருடம் என்பார்கள். அதற்கு மேல் ஆவதும் உண்டு. அதுவரை குடும்பங்கள் உதவித்தொகையை வைத்துக்கொண்டு எங்கே வாடகை குறைவோ அங்கே சிதறிப் போகும். மாதவரம், மணலி, புழல் என்று ஆளுக்கொரு திசை. இன்றைக்கு ஒன்பதாவது படிக்கிற பையன் புது பிளாக் திறக்கும்போது பள்ளியை முடித்திருப்பான், அல்லது பாதியில் விட்டிருப்பான். அவனுக்கு அந்தப் புது அறையால் என்ன பயன்? அதனால் இடைக்காலத்தில் எங்கே என்பது, நிரந்தரமாக எங்கே என்பதைவிடப் பெரிய கேள்வியாகிவிட்டது.

வாடகை வழி இங்கேதான் திரும்ப வந்தது, ஆனால் வேறு கணக்கோடு. பழைய ஏரியாவுக்குப் பக்கத்தில் தேடாமல், பிள்ளைகளின் பள்ளிக்குப் பக்கத்தில் தேடினோம். வீடு எங்கே மாறினாலும் வருடத்தின் நடுவில் பள்ளியை மாற்ற மாட்டார்கள். பஸ் பாஸ் இருக்கிறது, பள்ளி விட்டதும் நேராக வரலாம், ஏழரைக்குள் கிளம்பி வீடு போகலாம். பள்ளி மதிலை ஒட்டி, முன்பு மரக்கடையாக இருந்த தகரக் கொட்டகை ஒன்று கிடைத்தது. மேலே குடித்தனம் இல்லை, ஸ்ட்ரைக்கர் சத்தத்துக்குத் திட்ட ஆள் இல்லை. மூன்றாயிரத்து ஐந்நூறு வாடகை, மூன்று மாத அட்வான்ஸ், பதினொரு மாத ஒப்பந்தம் சங்கத்தின் பேரில். கோடையில் உள்ளே இட்லி அவிக்கலாம், அவ்வளவு சூடு. ஒரு பழைய பெடஸ்டல் ஃபேன் நன்கொடையாக வந்தது.

ஆக, நாங்கள் எடுத்தது ஒரே வழி இல்லை. சங்கமாகப் பதிவு, இடைக்காலத்துக்குத் தகரக் கொட்டகை, புது பிளாக்கில் அறைக்கு மனு. தொண்டு நிறுவனத்தை முழுக்க விடவில்லை. சனி, ஞாயிறு மட்டும் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்டோம், அனுப்புகிறார்கள். அவர்கள் பேனரும் அந்த இரண்டு நாள்தான் தொங்கும். மூன்று வருடம் ஒழுங்காகக் கணக்குத் தாக்கல் செய்துவிட்டால் நேரடியாகக் கம்பெனிகளிடமே போகும் தகுதி வரும் என்று இளவட்டங்கள் நாள் எண்ணுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு அவசரம் இல்லை. மாதம் இருபது ரூபாய் கொடுக்கிறவர்தான் பொதுக்குழுவில் எழுந்து நின்று கேள்வி கேட்கிறார்.

தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வந்தது. வரைபடத்தில் தரைத்தளத்தில் ‘பொதுப் பயன்பாடு’ என்று ஓர் அறை இருக்கிறது, எதற்கு என்று எழுதவில்லை. அதற்குத்தான் இப்போது மனு போட்டுவிட்டுக் காத்திருக்கிறோம். அதே அறையை இன்னும் யார் யார் கேட்டிருக்கிறார்களோ.

கொட்டகைப் பூட்டுக்கு மூன்று சாவி செய்தோம். ஒன்று செயலாளரிடம், ஒன்று அக்காவிடம். மூன்றாவது யாருக்கு என்று ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் பத்தாவது படிக்கிற ஒரு பெண் பிள்ளை, “தினமும் முதல்ல வர்றது நான்தான், வெளியே நிக்கிறதும் நான்தான்” என்றாள். அவளிடம் கொடுத்தோம்.